மூன்றாவது கறுப்பு அட்டை

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.52 மணி. துறைமுகச் சாலையில் உள்ள மூன்று தளக் குளிர்பதனக் கிடங்கின் பின்முற்றத்தில், பேரிடர் ஒத்திகைக்காக வந்த தீயணைப்பு வண்டி பின்னோக்கி வந்தபோது அதன் ஏணி நுனி குளிரூட்டும் அம்மோனியா வாயுக் குழாயில் இடித்தது. குழாய் இரண்டு இடங்களில் பிளந்தது.

அந்த நேரத்தில் கிடங்கின் தொழிலாளர்கள் இருபத்திநான்கு பேர் கட்டடத்துக்குள்ளும் முன்முற்றத்திலும் காயம்பட்டவர்களாகவும் இறந்தவர்களாகவும் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு அட்டை வாங்கியிருந்தார்கள். அட்டை கொடுத்தவள் நகரப் பேரிடர் அலுவலகத்தின் ஒத்திகை அலுவலர். வயது நாற்பத்தொன்று. பதினொரு ஆண்டுகளாக இதே வேலை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று ஊர் முழுக்கப் பொய்த் தீயும் பொய் வெள்ளமும் ஏற்பாடு செய்கிறவள். கழுத்தில் ஒரு விசில், கையில் அட்டைப் பெட்டி. பச்சை அட்டை நடக்க முடிந்தவருக்கு. மஞ்சள், சற்றுக் காத்திருக்கக்கூடியவருக்கு. சிவப்பு, உடனே தூக்க வேண்டியவருக்கு. கறுப்பு இறந்தவருக்கு. மீட்புக்குழு கறுப்பு அட்டையைத் தாண்டிப் போக வேண்டும். குனிந்து பார்த்து நேரம் போக்கினால் மதிப்பெண் குறையும்.

வரிசையில் ஏழாவதாக நின்றவன் அவளுடைய தம்பி. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள். அங்கே யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சென்ற ஆண்டு ஒத்திகையில், கால் முறிந்தவனாக அவன் போட்ட கூச்சலைக் கேட்டுச் சாலையில் போன பெண்மணி ஒருவர் மயங்கி விழுந்தார். ஒத்திகைக்கு வந்த ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் ‘நடிகர்’.

“அக்கா, எனக்குச் சிவப்புதானே?”

“கறுப்பு.”

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பொணமா? வசனமே கிடையாதா?”

“வசனம் கிடையாதுன்னுதான் குடுக்கிறேன். போன வருஷம் நீ பண்ணின கூத்துக்கு மேலிடத்துக்கு மூணு பக்கம் விளக்கம் எழுதினேன்.”

பின்னால் நின்ற சுமைதூக்கும் தொழிலாளி எட்டிப் பார்த்தார். “விடுங்க நடிகரே. பொணமா நடிக்கிறதுதான் கஷ்டம். மூக்கு அரிச்சாக்கூட சொறிய முடியாது.”

“நீங்க என்ன கலரு?”

“நானும் செத்தவன்தான். கீழ்த்தளம், ஆப்பிள் பெட்டிக்குப் பக்கத்துல.”

“பாரு அக்கா, அவருக்கு ஆப்பிள். எனக்கு?”

“ரெண்டாம் மாடி, பேக்கிங் அறை. கதவுக்கு இடது பக்கம் படுத்துக்க. யார் வந்தாலும் சரி, எது நடந்தாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது.”

“அம்மா கேட்டா என்ன சொல்ல? உன் பொண்ணு என்னைக் கொன்னுட்டாள்னு சொல்லவா?”

“அம்மாகிட்ட இதைச் சொன்னே, நிஜமாவே கொன்னுருவேன். போனை எடு.”

கைப்பேசியை நீலப் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது இந்த ஆண்டு சேர்த்த விதி. சென்ற ஆண்டு இரண்டு ‘படுகாயக்காரர்கள்’ படுத்தபடியே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தன் கைப்பேசியைப் போட்டான். கண்ணாடி குறுக்கே கீறியிருந்தது. பின்பக்கம் மகள் ஒட்டிய மஞ்சள் வாத்துப் படம்.

இன்னொரு விதியும் இருந்தது. சென்ற ஆண்டு மயங்கியவராக நடித்த ஒருவர் நிஜமாகவே தூங்கிப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அகப்பட்டார். அதனால் இந்த ஆண்டு ஒத்திகை முடிந்ததும் அவள் மூன்று நீண்ட விசில் ஊதுவாள். கேட்டவர்கள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு எழுந்து வர வேண்டும். இருபத்திநான்கு பேரையும் அவள் மூன்று முறை தட்டிக் காட்டச் சொன்னாள். தம்பி சுமைதூக்கியின் முதுகில் தட்டினான்.

அந்தத் தூக்கத்திலிருந்து கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருந்தது. அவர் இல்லாமலே சென்ற ஆண்டு எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கம்ப்ரசர் மெக்கானிக் ஒத்திகையில் பங்கெடுக்கவில்லை. அவர் இயந்திர அறையை விட்டு வர முடியாது. காலையில் ஒரு முறை மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்: “மேடம், வண்டி இந்தத் தடவை பின்சந்து வழியா வருதாமே. அங்கே குழாய் தாழ்வாப் போகுது. டிரைவரைப் பார்த்து வரச் சொல்லுங்க.”

“நேத்தே சொல்லிட்டேன்.”

சொல்லியிருந்தாள். ஆனால் நேற்று பணியில் இருந்த ஓட்டுநருக்கு இன்று விடுப்பு.

10.40க்குச் சங்கு ஒலித்தது. கீழ்த்தளத்தில் வைத்த இயந்திரம் வெள்ளைப் புகையைக் கக்கியது. முன்வாசல் வழியாக வந்த முதல் தீயணைப்புக் குழு ஆறு நிமிடத்தில் இரண்டாம் மாடியை எட்டியது. வாக்கி-டாக்கியில் குரல் வந்தது: “ரெண்டாம் மாடி பேக்கிங் அறை. கறுப்பு ஒண்ணு. தாண்டியாச்சு.” அவள் மதிப்பெண் புத்தகத்தில் அதற்கு நேரே குறியிட்டாள். முழு மதிப்பெண்.

குழு ஐந்து சிவப்புகளையும் தூக்கி வந்து முன்முற்றத்தில் கிடத்தியது. அப்போதுதான் பின்பக்கம் இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. பெரிய ஓசை இல்லை. கதவை அறைந்து சாத்தியது போல.

கட்டடத்தின் பின்னாலிருந்து வெண்மேகம் ஒன்று எழுந்தது. பந்தலின் கீழ் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த விருந்தினர்கள் கை தட்டினார்கள்.

“இந்த வருஷம் புகை அருமை மேடம்,” என்றார் அவளுடைய அலுவலக எழுத்தர். மேசையில் அவள் பக்கத்தில் எண்ணிக்கைத் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

மேலே இரண்டாம் மாடியில், கழிப்பறையின் சிறு சன்னல் வழியாக ஒரு குரல் வந்தது.

“வாயு! நிஜ வாயு! எல்லாரும் ஓடுங்க!”

பந்தலில் சிரிப்பு எழுந்தது. வாசலில் இருந்த காவலாளி சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார். “நம்ம நடிகர் ஆரம்பிச்சுட்டாருடோய்.”

“செத்தவரு பேசுறாரு மேடம்,” என்றார் எழுத்தர்.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. நகர ஆணையரின் உதவியாளர் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குரல் மறுபடியும் வந்தது, மூன்றாவது முறையும் வந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. மதிப்பெண் புத்தகத்தில் எழுதினாள்: ‘கறுப்பு, எண் 7. பேசினார். விதிமீறல்.’ நேரம்: 10.53.

10.54க்கு இயந்திர அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் ஓடி வந்தார். முகத்தில் ஈரத் துண்டு. கண்கள் செந்நிறம்.

“ஒத்திகையெல்லாம் நிறுத்துங்க! பின்சந்துக் குழாய் பிளந்துபோச்சு! நான் மெயின் வால்வை மூடிட்டேன், ஆனா குழாய்ல இருக்கிறது இன்னும் வரும். எல்லாரையும் ரோட்டுக்குத் தள்ளுங்க!”

அவர் பேசி முடிப்பதற்குள் வாடை வந்துவிட்டது. மூக்கில் ஊசி குத்துவது போன்ற வாடை. விருந்தினர்களின் நாற்காலிகள் கவிழ்ந்தன.

நிஜமான ஆபத்து நேர்ந்தால் வாக்கி-டாக்கியில் சொல்வதற்கென்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். பதினொரு ஆண்டுகளில் அவள் அதைச் சொன்னதே இல்லை. “மெய், மெய், மெய்,” என்றாள். சொல்லும்போது தன் குரலே நடிப்பு போலக் கேட்டது.

கிடத்தப்பட்டிருந்த சிவப்புகள் ஐந்து பேரும் எழுந்து ஓடினார்கள். தலையில் பொய்க் கட்டுப் போட்டிருந்த ஒருவர் இருவரைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே இருந்தவர்கள் முன்வாசல் வழியாக இருமிக்கொண்டே வந்தார்கள். எழுத்தர் பயந்தவர்தான், ஆனால் தாளோடு சாலை வாசலில் போய் நின்றுகொண்டார். அது அவருக்குக் கொடுத்த வேலை. ஒத்திகையில் செய்தபடியே செய்தார்.

“அட்டையைக் காட்டிட்டுப் போங்க. பச்சை. பச்சை. மஞ்சள். ஓடாதீங்க, எண்ணணும். நீங்க? கறுப்பா? தள்ளி நில்லுங்க, உங்களை ஏற்கெனவே எழுதியாச்சு.”

“எழுதியாச்சா?” சுமைதூக்கி இருமலுக்கு நடுவே கேட்டார். “எப்போ?”

“நேத்தே. டைப் அடிச்சுக் கொண்டு வந்தேன். தள்ளுங்க, பின்னாடி வர்றவங்களைப் பார்க்கணும்.”

11.03க்கு அவர் தாளை அவளிடம் நீட்டினார். வெளியே வந்தவர்: 21. இறந்தவர்: 3. மொத்தம்: 24. முதல் எண் பேனாவில் எழுதியது. மற்ற இரண்டும் அச்சு. அவள் கையெழுத்துப் போட்டாள்.

தீயணைப்பு நிலைய அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். ஐம்பத்துநான்கு வயது. சத்தம் போட்டுப் பேசாதவர். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தன் ஆட்களிடம் சொன்னார்: “உள்ளே யாரும் இல்லை. எவனும் உள்ளே போக வேண்டாம். வெளியிலிருந்து தண்ணி அடி. வாயு தண்ணியில அடங்கும். ரோட்டுப் பக்கம் வர விடாதே.”

முதல் வண்டியின் பம்ப் உறுமத் தொடங்கியது. இரண்டு குழாய்களிலிருந்து நீர் விசிறியாக விரிந்தது. பின்முற்றத்தில் ஏணி வண்டி மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் இறங்கி ஓடி வந்திருந்தார். சாலையோரம் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, “பின்னாடி கண்ணாடியில தெரியலீங்க, தெரியலீங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கூட்டத்தில் தம்பியைத் தேடினாள். பதற்றமாகத் தேடவில்லை. முதலில் கத்தியவன் அவன். ஒன்பது ஆண்டுகள் அம்மோனியாவோடு வேலை செய்தவன். அவனுக்கு முன்னால் ஓடியிருக்க யாரால் முடியும்? எங்கேயாவது நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, தான்தான் எல்லோரையும் காப்பாற்றியதாக அளந்துகொண்டிருப்பான். வந்ததும் அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் இருவரும் எப்போதும் பயன்படுத்தியதில்லை.

“மேடம், வீட்டுக்குப் போன் பண்ணணும். போனைக் குடுங்க,” என்று சிலர் வந்தார்கள். செய்தி ஊருக்குள் பரவியிருக்கும். அவள் ஓடும்போது நீலத் தட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். தரையில் வைத்தாள். கைகள் நீண்டன. எனது, உனது என்று இரண்டு நிமிடத்தில் தட்டு காலியானது.

முழுக்கக் காலியாகவில்லை. ஒரு கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கம் மஞ்சள் வாத்து.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அதிரத் தொடங்கியது. தட்டு முழுக்க அதிர்ந்தது. திருப்பினாள். ‘வீடு’ என்று இருந்தது. அது அடித்து நிற்கும்வரை கையில் வைத்திருந்தாள், எடுக்கவில்லை. உடனே மறுபடியும் அடித்தது.

“கறுப்பு அட்டைக்காரங்க எங்கே?” என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

சுமைதூக்கி கையைத் தூக்கினார். வேலியோரம் உட்கார்ந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்த இன்னொருவர் எழுந்தார். அவர் படுத்திருந்தது முதல் மாடியில்.

“மூணாவது ஆள்?”

“நடிகரா? இங்கேதான் இருப்பாரு,” என்றார் காவலாளி. “கறுப்பு அட்டை ஒண்ணு கேட்டைத் தாண்டி ஓடுச்சு, நானே பார்த்தேன்.”

“அது நான்யா,” என்றார் சுமைதூக்கி.

அவள் அதிகாரியிடம் ஓடினாள்.

“சார், எண்ணிக்கை தப்பு. ஒருத்தர் உள்ளே இருக்கார்.”

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். “இருபத்திநாலு. சரியா இருக்கே. உங்க கையெழுத்து.”

“இந்த மூணு பேரை யாரும் எண்ணவே இல்லை, சார். செத்தவங்கன்னு முன்னாடியே அச்சடிச்சது. இப்ப ரெண்டு கறுப்பு இங்கே நிக்கிறாங்க. மூணாவது ஆள் இல்லை. இருபத்திநாலு போன் வாங்கி வெச்சோம், இருபத்திமூணுதான் எடுத்துட்டுப் போனாங்க.”

“போனை விட்டுட்டு வீட்டுக்கு ஓடியிருக்கலாம்.”

“வீட்டிலிருந்துதான் கூப்பிடுறாங்க.” அவள் கையில் அது மூன்றாவது முறையாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அதிகாரி கைப்பேசியைப் பார்த்தார், பிறகு கட்டடத்தைப் பார்த்தார். “யார் அவர்?”

“என் தம்பி.”

அதிகாரி தன் ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டார். “மூச்சுக்கருவி எத்தனை?”

“நாலு கொண்டு வந்தோம் சார். அதுல ரெண்டு, மேகத்துக்குள்ள நிக்கிற ஏணி வண்டியில மாட்டிக்கிச்சு. மத்த ரெண்டும் ஒத்திகையில பாதி தீர்ந்துபோச்சு. ஒண்ணுல பதினெட்டு நிமிஷம், இன்னொண்ணுல பதினொண்ணு.”

“ரெண்டு பேராத்தான் போகணும். அப்ப பதினொண்ணுதான் கணக்கு. போக, வர, ஆளைத் தூக்க.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “ரெண்டாம் மாடியில எத்தனை அறை?”

மெக்கானிக் பதில் சொன்னார். “பேக்கிங் அறை, அட்டைப்பெட்டி அடுக்குற அறை, மேலாளர் அறை, அந்தக் கோடியில கழிப்பறை. சரக்கு லிஃப்ட் நடுவுல வருது. வாயு லேசு, லிஃப்ட் குழி வழியா நேரா மேலேதான் ஏறியிருக்கும். படிக்கட்டும் அதுக்குப் பக்கத்திலேதான். அதான் அவரால இறங்க முடியலை.”

“நாலு இடம். பதினொரு நிமிஷத்துல நாலு இடத்தையும் தேட முடியாது. ஆள் எங்கேன்னு தெரியாம என் பசங்க ரெண்டு பேரை அனுப்பினா, மூணு பேரைத் தூக்கிட்டு வரணும்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “இருக்காரான்னு தெரியணும். எங்கேன்னு தெரியணும். அதுவரைக்கும் அனுப்ப மாட்டேன் மேடம். நீங்க என்னை எவ்வளவு வேணா திட்டுங்க.”

அவள் திட்டவில்லை. கழுத்தில் கையை வைத்தாள். விசில் அங்கேயே இருந்தது.

“மூணு விசில் ஊதினா தட்டணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“இந்தப் பம்ப் சத்தத்துல எதுவும் கேட்காது.”

“பம்பை நிறுத்துங்க.”

“நிறுத்தினா மேகம் இந்தப் பக்கம் வரும்,” என்றார் மெக்கானிக். “தண்ணிதான் அதைப் புடிச்சு வெச்சிருக்கு. ரோட்டுல ஜனம் நிக்குது.”

அதிகாரி சாலையைப் பார்த்தார். விருந்தினர்கள், தொழிலாளர்கள், எதிர்க் கட்டடத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். “எல்லாரையும் அந்தத் திருப்பம் வரைக்கும் தள்ளுங்க,” என்றார். தள்ள இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவர் சொன்னார்: “முப்பது செகண்ட். அதுக்கு மேல ஒரு செகண்ட் கிடையாது. நிறுத்து.”

11.14. பம்ப் அடங்கியது. நீர் விசிறி சுருங்கித் தரையில் விழுந்தது. அவ்வளவு நேரம் கேட்காதிருந்த ஒரு சீறல் இப்போது கேட்டது. குழாயில் மிச்சமிருந்தது வெளியேறும் ஓசை.

அவள் ஊதினாள். வாய் வறண்டிருந்தது. காற்றுதான் வந்தது, ஒலி வரவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

வெண்மேகத்தின் ஓரம் கட்டடத்தின் மூலையைச் சுற்றிக்கொண்டு மெல்ல வந்தது.

எதுவும் கேட்கவில்லை.

“பதினஞ்சு,” என்றார் அதிகாரி.

அவள் மறுபடியும் மூன்று முறை ஊதினாள். மூன்றாவது விசில் பாதியில் உடைந்தது. மேகம் இப்போது முன்வாசல் தூணைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் ஈரத் துணியை மூக்கில் அழுத்தினார்கள்.

“இருபத்தஞ்சு. பம்பைப் போடத் தயாராகு.”

“சார், இருங்க!” சுமைதூக்கி சுவரோரம் ஓடினார். மேலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயில் காதை வைத்தார். ஒரு கையைப் பின்னால் தூக்கிக் காட்டினார். விரல்கள் மூன்று.

“தட்டுறாரு. மூணு. இப்ப மறுபடி மூணு. கழிப்பறைக் குழாய் இது.”

“பம்ப்!” என்றார் அதிகாரி. அதே மூச்சில், “கை ஏணியை எடுங்க. படி வேண்டாம், சன்னல் வழி. நீயும் நீயும். கம்பி வெட்டுற கருவி. ஒரு குழாயை நேரா அந்தச் சன்னல் மேல அடி, நிறுத்தாம அடி.”

பதினொரு நிமிடத்தில் முதல் நான்கு நிமிடம் ஏணியை நிறுத்திக் கட்டுவதில் போனது. தரை ஈரம், ஏணியின் கால் இரண்டு முறை வழுக்கியது. சுமைதூக்கியும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் ஏணிக்காலில் உட்கார்ந்துகொண்டார்கள். மேலே போனவர்கள் நீர்த்தாரைக்குள் மறைந்தார்கள். சன்னலுக்கு நான்கு கம்பிகள். ஒரு கம்பிக்கு முப்பது விநாடி என்று அதிகாரி கணக்குப் போட்டார். முதல் கம்பிக்கே ஒரு நிமிடம் ஆனது.

“ரெண்டு கம்பி போதும், ஆள் ஒல்லிதான்!” என்று அவள் கத்தினாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, கேட்காத கேள்விக்குப் பதில் போல, “போன மாசம் காய்ச்சல்ல மெலிஞ்சுட்டான்,” என்றாள்.

இரண்டாவது கம்பி விழுந்தது. முதல் ஆள் சன்னல் கதவைத் தள்ளித் திறந்து தலையை உள்ளே விட்டார். பதினொரு நிமிடச் சிலிண்டரை மாட்டியிருந்தவர் அவர்தான். அதன் எச்சரிக்கை மணி ஏணியின் கீழ்வரை கேட்டது.

“இறங்குன்னு சொல்லவா சார்?”

அதிகாரி மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

சன்னலில் ஒரு கை தெரிந்தது. பிறகு தலை. முகத்தில் ஈரச்சட்டை இறுகக் கட்டியிருந்தது. இரண்டு பேருமாக அவனைத் தோளில் சாய்த்து இறக்கினார்கள். கடைசி நான்கு படி இருக்கும்போது முதல் ஆள் தன் முகமூடியைப் பிய்த்து எறிந்தார், சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நேரம் 11.25.

பின்னர் தெரிந்தது இது. வாடையை முதலில் உணர்ந்து எழுந்தபோது படிக்கட்டில் ஏற்கெனவே வாயு ஏறிவிட்டிருந்தது. அவன் கழிப்பறைக்குள் போய்ச் சன்னலில் கத்தினான். கீழே எல்லோரும் சிரிப்பதைப் பார்த்தான். தொண்டை அடைத்ததும் சன்னலைச் சாத்திவிட்டு, கதவின் கீழ் இடுக்கில் தன் பனியனை நனைத்துத் திணித்தான். தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டு, சட்டையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, அதன் அடியில் உட்கார்ந்தான். மெக்கானிக் மாதந்தோறும் சொல்லிக்கொடுத்தது அதுதான்: வாயு வந்தால் தண்ணீரை விட்டு நகராதே. முதல் மூன்று விசில் அவனுக்குக் கேட்டது. கையைத் தூக்க முடியவில்லை. இரண்டாவது மூன்றுக்குத்தான் செருப்பைக் கழற்றித் தட்டினான்.

ஆம்புலன்ஸ் மருத்துவர் அவனைக் கிடத்திக் கண்ணைக் கழுவினார். கழுத்தில் தொங்கிய அட்டை கையில் இடறியது. பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “யார் இதைப் போட்டது?”

“நான்தான்,” என்றாள். அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் தேடிச் சிவப்பு அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். அவன் கண்ணைத் திறக்க முடியாமல் அவள் கையைத் தடவிப் பிடித்தான். எதையோ சொல்ல வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

“பேசாதே,” என்றாள். காலையிலிருந்து அவனிடம் அதை மூன்றாவது முறையாகச் சொல்கிறாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

அவன் பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தான். குரல் ஐந்தாவது வாரத்தில் திரும்பியது. வலது கண்ணில் பார்வை பாதியாகக் குறைந்தது. அதனால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உரிமம் ரத்தாகி, இப்போது அதே கிடங்கின் எடை மேடையில் வேலை செய்கிறான். விசாரணைக்குழு நாற்பத்தொரு பக்க அறிக்கை கொடுத்தது. ‘கறுப்பு, எண் 7. பேசினார். விதிமீறல்’ என்ற வரி உள்ள பக்கத்தை அவளே நகலெடுத்துக் குழுவிடம் கொடுத்திருந்தாள். அது இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அவளுக்கும் எழுத்தருக்கும் எழுத்து மூலம் கண்டனம் வந்தது. பின்சந்து வழி மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு ஒத்திகை அக்டோபர் 13ஆம் தேதி அதே கிடங்கில் நடந்தது. இறந்தவர்களின் இடத்தில் மூன்று உருளைக்கிழங்கு மூட்டைகள் வைக்கப்பட்டன. எண்ணிக்கைத் தாளில் எதுவும் முன்கூட்டியே அச்சடிக்கப்படவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர் வாயாலேயே பதில் கேட்டுக் குறித்தார்கள். எடை மேடைக்காரர் பார்வையாளராக வந்திருந்தார். அவருடைய பெயரையும் அழைத்தார்கள், அவரும் பதில் சொன்னார். எண்ணி முடிக்கப் பதினான்கு நிமிடம் ஆனது. அனுமதிக்கப்பட்ட நேரம் எட்டு நிமிடம். கிடங்குக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது.